தாகம் இருந்த வருஷம்

எனக்குத் தாகம் எடுக்கத் தொடங்கியது ஓர் ஆடி மாதத்தில். சித்திரையில் தொடங்கியிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், நானும் உட்பட. கத்திரி வெயிலில் சென்னையில் எல்லோரும்தான் பாட்டிலும் கையுமாக அலைகிறார்கள். ஆனால் அந்த ஆடியில் சாயங்காலமானால் மேகம் கூடி, இரண்டு இடி இடித்து, மொட்டைமாடியில் காயப்போட்ட துணியை நனைத்துவிட்டுப் போகிற மழை பெய்துகொண்டிருந்தது. மின்விசிறியைக் குறைத்துவைத்துத் தூங்கும்படியான அந்த நாட்களில்தான், காலையில் எழுந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து, கதவைப் பிடித்தபடியே நின்று, ஒரு பாட்டில் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்து முடிக்கிற பழக்கம் எனக்கு வந்தது.

மயிலாப்பூரில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் விலங்கியல் ஆசிரியை. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குத் தமிழ்வழியில் பாடம் நடத்துகிறேன். வீடு மந்தைவெளியில், இரண்டாவது மாடி. கணவர் சபா கச்சேரிகளுக்கும் கல்யாண வரவேற்புகளுக்கும் மைக், ஸ்பீக்கர் அமைத்துக் கொடுக்கிறவர். ஒரே மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆக, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்குத் தண்ணீர் கேன் எத்தனை நாளைக்கு வரும் என்று கேன் போடுகிறவருக்குத் தெரியும். அவர்தான் முதலில் கேட்டார்.

"இன்னாக்கா, ஊர்லேந்து ஆளுங்க வந்துகீறாங்களா? முந்தாநேத்துதானே போட்டேன்!"

நான் சிரித்துச் சமாளித்தேன். கேனை உள்ளே வைத்துவிட்டு அவர் படியிறங்குவதற்குள் அதன் மூடியை உடைத்து ஒரு சொம்பு குடித்துவிட்டேன்.

அந்தத் தாகத்தை எப்படிச் சொல்வது? வெயிலில் நடந்து வந்தால் வருகிற தாகத்துக்கு ஒரு முடிவு உண்டு. இரண்டு டம்ளர் குடித்தால் உடம்பு போதும் என்று சொல்லிவிடும். இதற்கு அந்தப் போதும் கிடையாது. வாய்க்குள் யாரோ பழந்துணியை அடைத்துவைத்த மாதிரி இருக்கும். அதிலும் சாதாரணத் தண்ணீர் பிடிக்கவில்லை. பல் கூசுகிற அளவுக்கு ஜில்லென்று வேண்டும். பானைத் தண்ணீர்கூட வெந்நீர் போலத் தோன்றியது. ஃபிரீசரில் இருந்த பட்டாணியையும் தேங்காய்த் துருவலையும் வெளியே எடுத்துவிட்டு எவர்சில்வர் டம்ளர்களை வரிசையாக அடுக்கினேன். கணவர் ஒருநாள் ஃபிரீசரைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன, வாசல்ல ஜூஸ் கடை போடப்போறியா?" என்றார்.

குடித்த தண்ணீர் உடம்பில் தங்கியிருந்தாலாவது பரவாயில்லை. உள்ளே போனதும் அப்படியே வெளியே வந்தது. வகுப்பு முடிந்து மணி அடித்தால் என் மாணவிகளுக்கு முன்னால் நான் கழிவறைக்கு ஓடினேன். இரவில் படுக்கைக்கும் குளியலறைக்கும் ஃபிரிட்ஜுக்குமாக நடந்ததில் தூக்கம் துண்டு துண்டாகிப்போனது. பகலில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும்.

எங்கள் ஆசிரியர் அறைக்கு ஓர் ஆயா உண்டு. கிட்டத்தட்ட என் வயதுதான். நொச்சிக்குப்பத்திலிருந்து வருவார். அவருடைய அக்கா மீன் விற்கிறார். அதனால் எங்கள் ஆசிரியைகளில் பாதிப் பேர் வீட்டுக்கு வஞ்சிரம் ஆயா மூலமாகத்தான் வரும். என் பாட்டிலை நிரப்பித் தருவதும் அவர்தான். ஒருநாள் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

"இன்னா டீச்சர் இது? முதல் பீரியடுக்குத்தானே ரொப்பினேன். அதுக்குள்ள காலியாகீது! ஒட்டகம் கூட ஒரு தபா குடிச்சா ஒரு வாரம் தாங்குமாம்."

"தாகமா இருக்கு, என்ன செய்ய?"

"சக்கரையா இருக்கும். எங்க அக்கா ஊட்டுக்காரருக்கு இப்படித்தான் வந்துச்சு. போயி டெஸ்ட் எடு டீச்சர், சும்மா குந்திக்கினு இருக்காத."

சர்க்கரையாகத்தான் இருக்கும் என்று எனக்கும் தோன்றியிருந்தது. நாற்பது தாண்டியாயிற்று, அப்பாவுக்கு இருந்தது, கோயில் வாசல் ஜாங்கிரியைக் கண்டால் எனக்குக் கால் நகராது. எனவே மந்தைவெளியில் எங்கள் குடும்ப டாக்டரிடம் போனேன். வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்ட பிறகு ஒரு முறை இரத்தம் எடுத்தார்கள். இரண்டுமே சரியாக இருந்தன. டாக்டருக்கே ஆச்சரியம். மூன்று மாதச் சராசரி பார்க்கிற பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். அதுவும் சரி.

"வீட்ல ஏதாவது கவலையா?" என்று மெதுவாகக் கேட்டார். "மனசு சரியில்லைன்னா சில பேர் தண்ணி குடிச்சிக்கிட்டே இருப்பாங்க. பொண்ணு ஹாஸ்டலுக்குப் போனதுலேர்ந்தா இது?"

மகள் போனது அதற்கு முந்தைய வருஷம். போன புதிதில் அழுதேன்தான். அதன்பிறகு அவள் அறையில் என் தையல் மிஷினைப் போட்டு, வாழ்க்கை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இருந்தாலும் டாக்டர் சொன்னதும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. எனக்கே தெரியாமல் எனக்குள் ஒரு கவலை இருக்கிறதோ?

"கொஞ்சம் அடக்கிப் பாரேன்," என்றார் கணவர், திட்டாமல், யோசனையாக. "பழக்கமாயிருக்கும். காபியை நிறுத்தற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா குறைச்சா சரியாயிடும்."

அடக்கிப் பார்த்தேன். அதற்கு நான் தேர்ந்தெடுத்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவருடைய தங்கை மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க தி.நகர் போக வேண்டியிருந்தது. பாட்டிலை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனேன்.

தி.நகரை எனக்கு அதற்குள் வேறு விதமாகத் தெரிந்திருந்தது. மற்றவர்களுக்கு அங்கே எந்தக் கடையில் பட்டு மலிவு, எந்த முனையில் பஜ்ஜி நன்றாக இருக்கும் என்று தெரியும். எனக்கு எந்தக் கடையில் எந்த மாடியில் கழிவறை இருக்கிறது, எந்த ஓட்டலில் சாப்பிடாமலே உள்ளே விடுவார்கள் என்று தெரியும். அன்று முதல் கடையிலேயே பச்சையும் அரக்குமாகப் புடவைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விற்பனைப் பெண் பேசுவது காதில் விழுகிறது, பதில் சொல்ல வாய் வரவில்லை. தலை லேசாகச் சுற்றியது. நாத்தனார் ஒரு புடவையைத் தோளில் போட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவரை விட்டுவிட்டுப் படியிறங்கித் தெருவுக்கு வந்து, ஒரு பெட்டிக்கடையில் இரண்டு பாட்டில் வாங்கி, கடைப் படியிலேயே உட்கார்ந்து குடித்தேன். புடவையெல்லாம் தண்ணீர். போகிறவர்கள் பார்த்தார்கள். எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. தாகத்தின் மேல்தான். பிசாசு பிடித்தவள் பிசாசைத் திட்டுவது போல அதை மனதுக்குள் திட்டிக்கொண்டே அடுத்த பாட்டிலின் மூடியைத் திருகினேன்.

அதற்குச் சில நாட்கள் கழித்துப் பதினொன்றாம் வகுப்பில் ஹார்மோன்கள் பாடத்தைத் தொடங்கினேன். ஒவ்வொரு வருஷமும் நடத்துகிற பாடம். கரும்பலகையில் மூளையை நடுவில் வெட்டிய மாதிரி வரைவேன். தலாமஸுக்குக் கீழே ஹைபோதலாமஸ். பாதாம் பருப்பு அளவுதான் இருக்கும், அதன் கீழே ஒரு சின்னக் காம்பு, காம்பின் நுனியில் பட்டாணி போலப் பிட்யூட்டரி. கண்ணிலிருந்து வருகிற நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கிற இடம் அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது என்று ஒரு பெருக்கல் குறி போடுவேன். உடம்பின் வெப்பம், பசி, தாகம், தூக்கம், கோபம் எல்லாவற்றுக்கும் இந்தச் சின்ன இடம் பொறுப்பு என்று சொன்னால் பெண்களுக்கு எப்போதும் பிடிக்கும். "மிஸ், அப்ப எங்கம்மாவுக்குக் கோபம் வர்றதும் இதாலதானா?" என்று யாராவது ஒருத்தி கேட்பாள். அந்த வருஷமும் ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு ஹார்மோன்களுக்கு வந்தேன். ஹைபோதலாமஸில் இருக்கிற நரம்பு செல்கள் வாசோபிரஸ்ஸின் என்கிற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது காம்பு வழியாக இறங்கிப் பிட்யூட்டரியின் பின்பகுதியில் தங்கி, அங்கிருந்து இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தைத் தண்ணீரைப் பிடித்துவைக்கச் சொல்கிறது. இது குறைந்தால் வருகிற நோய் டயாபடீஸ் இன்சிபிடஸ். அறிகுறிகள் என்று தலைப்பிட்டு எழுதினேன். அதிகமாகச் சிறுநீர் கழித்தல். தீராத தாகம். இரத்தச் சர்க்கரை இயல்பாக இருக்கும்.

மூன்றாவது வரியை எழுதி முடித்ததும் என் கை நின்றது. மேஜை மேல் ஆயா நிரப்பிவைத்த பாட்டில் பாதி காலியாக இருந்தது. எத்தனை வருஷமாக இந்த மூன்று வரியை எழுதியிருப்பேன்! அதை ஒரு நோயாளியின் கண்ணால் நான் வாசித்ததே இல்லை. பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணுக்கு வருகிற ஒரு கேள்வியாக மட்டுமே அது எனக்குள் இருந்திருக்கிறது.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். கணவர் ஒரு மைக் ஒயரைச் சாலிடர் செய்துகொண்டிருந்தார்.

"நீ நடத்துற வியாதியெல்லாம் உனக்கு வரும்னா போன வருஷமே யானைக்கால் வந்திருக்கணுமே," என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தவர் சாலிடரிங் அயர்னைக் கீழே வைத்தார். "சரி, கிளம்பு. டாக்டர் இருப்பாரு."

குடும்ப டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "இன்டர்நெட்ல படிச்சீங்களா?"

"இல்ல சார். பதினொண்ணாங்கிளாஸ் பாடத்துல."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவர் கை அடையாறில் இருக்கிற ஒரு ஹார்மோன் சிறப்பு மருத்துவருக்குச் சீட்டு எழுதத் தொடங்கியிருந்தது. "நானே யோசிச்சிருக்கணும்," என்று முணுமுணுத்தார். "இது ரொம்ப அபூர்வம்மா. அதான் முதல்ல தோணல."

அடையாறு டாக்டர் ஒரு பெண்மணி. அவர் முதலில் கேட்டது எவ்வளவு குடிக்கிறேன் என்பதை அல்ல. "ஐஸ் தண்ணிதான் வேணும்னு தோணுதா?" என்று கேட்டார். ஃபிரீசர் டம்ளர்களைப் பற்றி நான் சொன்னதும் தலையாட்டிக்கொண்டார். தலையில் அடிபட்டதா, தலைவலி உண்டா, பார்வை மங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், அன்று தண்ணீரே தராமல் உடம்பு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். எனக்குத் தி.நகர் கடைப் படி நினைவுக்கு வந்தது.

அந்த நாளை என் வாழ்க்கையின் மிக நீளமான பகல் என்று சொல்வேன். காலையில் எடை பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், அறையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார்கள். மணிக்கு ஒரு தரம் எடை. சிறுநீர் கழிக்கிறபோதெல்லாம் அளந்து, மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். என்னைக் கவனித்துக்கொண்டவர் நாகர்கோவில் பக்கத்து நர்ஸ். சின்ன வயது, ஆனால் போலீஸ்காரர் மாதிரி கண்.

"சிஸ்டர், முகம் மட்டும் கழுவிக்கிறேனே?"

"கழுவலாம் அக்கா. நானும் கூட வருவேன்."

கழுவும்போது என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கு முன்னால் யாரோ அப்படிக் குடித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. மத்தியானத்துக்குள் எனக்கு வேறு எண்ணமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஏசி இயந்திரத்தின் குழாயிலிருந்து ஒரு பச்சை வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வாளியை நான் பார்த்த மாதிரி என் கல்யாண நகையைக்கூடப் பார்த்ததில்லை. கணவர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சு கொடுத்தால் மனசு மாறும் என்று நினைத்து, முந்தின வாரக் கச்சேரியில் மிருதங்க வித்வானுக்கும் தனக்கும் நடந்த வாக்குவாதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் அவருக்கே தொண்டை வறண்டு ஒரு செருமல் வந்தது. தண்ணீர் குடிக்க வெளியே போகலாமா வேண்டாமா என்று தயங்கினார்.

"போய்க் குடிச்சிட்டு வாங்க," என்றேன்.

"வேணாம். நீ முடிச்சப்பறம் சேர்ந்தே குடிக்கலாம்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன ஒரே காதல் வசனம் அதுதான்.

எடை குறைந்துகொண்டே வந்தது. ஒரு சொட்டு உள்ளே போகாமலே சிறுநீர் மட்டும் நிறமே இல்லாமல் வெறும் தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. இதற்குமேல் இழுக்கக்கூடாது என்று டாக்டர் வந்து ஓர் ஊசி போடச் சொன்னார். என் மூளை செய்ய மறந்த அந்த ஹார்மோனை ஒத்த மருந்து. போட்ட கொஞ்ச நேரத்தில், காய்ச்சல் விடுகிறபோது உடம்பில் ஒன்று இளகுமே, அது போல ஏதோ இளகியது. அளவாகக் கொஞ்சம் தண்ணீர் தந்தார்கள். குடித்தேன். குடித்த பிறகு, வெகு காலத்துக்கப்புறம், போதும் என்று தோன்றியது. நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதில் இன்னும் தண்ணீர் மீதி இருந்தது.

சாயங்காலம் நர்ஸ் பரிசோதனைக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "பாருங்க அக்கா, மஞ்சளா வந்திருக்கு!"

நாங்கள் மூன்று பேரும் அதைப் பிரசவ அறையில் குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தோம். "வாழ்த்துகள்," என்றார் கணவர், முகத்தை மாற்றாமல். நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார்.

பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி ஏதும் இருக்குமோ என்று நாங்கள் இருவருமே நினைத்தோம். ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. முடிவு வருகிற நாளில் அவர் காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டுக் கபாலி கோயிலுக்குப் போய்வந்ததை வைத்து நான் தெரிந்துகொண்டேன். கட்டி இல்லை. சாதாரணமாக, அந்த ஹார்மோன் தங்குகிற பிட்யூட்டரியின் பின்பகுதி படத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு போலப் பிரகாசமாகத் தெரியுமாம். எனக்கு அந்தப் பொட்டு மட்டும் தெரியவில்லை.

"ஏன் இப்படி ஆச்சு டாக்டர்?" என்று கேட்டேன்.

"பல பேருக்குக் காரணம் கண்டுபிடிக்க முடியறதில்ல. உங்களுக்கும் இப்ப எதுவும் தெரியல. வருஷா வருஷம் ஒரு ஸ்கேன் பார்த்துக்குவோம்." அவர் மேஜை மேல் பிளாஸ்டிக் மூளை ஒன்று இருந்தது. அதன் பாகங்கள் கழன்றுவிடாமல் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். ரப்பர் பேண்டைக் கழற்றி, ஹைபோதலாமஸ் இருக்கிற அடிப்பக்கத்தைக் காட்டினார். "ஒரு விஷயம் சொல்லட்டுமா? இரத்தம் கொஞ்சம் கெட்டியானாலும் முதல்ல கண்டுபிடிக்கிறது இந்த இடம்தான். உடனே ரெண்டு வேலை செய்யும். தண்ணியை விடாதேன்னு கிட்னிக்குச் சொல்லும். தண்ணி குடின்னு உங்களுக்குச் சொல்லும். உங்களுக்கு முதல் வேலை நின்னு போச்சு. ரெண்டாவது வேலை நல்லா நடக்குது."

"அந்த ரெண்டாவதுதான் டாக்டர் என்னை இந்தப் பாடு படுத்திச்சு. தாகம்தானே வியாதி?"

"அய்யோ, தாகம் வியாதியில்லம்மா. அதுதான் உங்களைக் காப்பாத்தியிருக்கு. தாகமும் இல்லாமப் போயிருந்தா தண்ணி போறதும் தெரியாம, குடிக்கணும்னும் தெரியாம, உடம்பு வத்தி மயக்கமாகிப் படுத்திருப்பீங்க. சில பேருக்கு அப்படி ஆகும். அவங்களைப் பார்த்துக்கறது ரொம்பக் கஷ்டம்."

மாதக்கணக்காக நான் பிசாசு என்று திட்டியது எனக்காக ராப்பகல் பாராமல் ஓடியோடி உழைத்திருக்கிறது. தூக்கத்தில் எழுப்பியது, வகுப்பில் எழுப்பியது, தி.நகர் படியில் உட்காரவைத்தது, எல்லாம் என்னை உயிரோடு வைக்கத்தான். டாக்டர் அறையிலிருந்து படியிறங்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மருந்துக் கடையில் நின்றிருந்த கணவர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனார். "என்ன சொன்னாங்க? என்ன?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றுமில்லை, நல்லதைத்தான் சொன்னார்கள் என்று அவருக்கு விளங்கவைக்க நேரமாயிற்று.

அந்த நோய்க்குப் பெயரைக்கூட இப்போது மாற்றிவிட்டார்கள். டயாபடீஸ் என்றதும் சர்க்கரை என்று எல்லோரும் குழம்புகிறார்களாம். வாசோபிரஸ்ஸின் குறைபாடு என்று புதுப்பெயர். வகுப்பில் இரண்டு பெயரையும் எழுதுகிறேன்.

சின்ன மாத்திரை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அவ்வளவுதான் சிகிச்சை. ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. ஒரு தொல்லை மிச்சம் இருந்தது, அதை நானே தேடிக்கொண்டேன்.

தாகம் போன பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. எந்த நேரமும் அந்தப் பழந்துணி வாய்க்குள் வந்துவிடும் என்று நினைத்துக் கை தானாகப் பாட்டிலை எடுத்துக் குடித்தது. மாத்திரை தண்ணீரை உள்ளே பிடித்துவைக்கிறது, நானோ பழையபடி ஊற்றிக்கொண்டே இருக்கிறேன். நாத்தனார் மகள் கல்யாணத்தன்று காலையில் மோதிரம் இறுக்கியது. முகூர்த்தம் முடிவதற்குள் தலைவலி மண்டையைப் பிளந்தது, பந்தியில் உட்கார்ந்ததும் குமட்டியது. கணவர் ஒலிபெருக்கியை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு என்னை நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கியிருந்தது. நல்லவேளை, கொஞ்சம்தான். அன்று ஒருநாள் என்னை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். கல்யாணச் சாப்பாட்டை நாத்தனார் அடுக்குப் பாத்திரத்தில் கட்டி அனுப்பினார்.

அடையாறு டாக்டர் கோபப்படவில்லை. "இனிமே ஒரே ஒரு விதிதான். தாகம் எடுத்தா குடிங்க. எடுக்கலைன்னா குடிக்காதீங்க. உங்க தாகம் நல்ல தாகம். அதை நம்புங்க."

நம்புவதற்குப் பழக வேண்டியிருந்தது. முதலில் பாட்டிலை மேஜையிலிருந்து அலமாரிக்கு மாற்றினேன். கை அதைத் தேடும். தாகமா, பயமா என்று என்னையே கேட்பேன். பெரும்பாலும் பயமாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் பொறுத்தால் அது போய்விடும். உண்மையான தாகம் போகாது. வெயிலில் நடந்த பிறகு, சுண்டல் தின்ற பிறகு, தொடர்ந்து இரண்டு வகுப்பு கத்திய பிறகு, அது பழைய மரியாதையோடு வந்து நிற்கும். அப்போது ஒரு டம்ளர் குடிப்பேன். இரண்டாவது டம்ளர் பாதியிலேயே போதும் என்று வந்துவிடும். அந்தப் போதும் எவ்வளவு ருசியானது என்று யாரிடம் சொன்னாலும் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

பள்ளியில் எனக்கு மூளையில் ஏதோ என்று செய்தி பரவியிருந்தது. ஆயா ஒருநாள் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"டீச்சர், தப்பா நென்ச்சிக்காத. மூளைல இன்னாமோ கோளாறுன்னு சொல்லிக்கினு கீறாங்களே, மெய்யா?"

"மெய்தான். மூளைக்கு அடியில பாதாம் பருப்பு அளவுல ஒரு இடம் இருக்கு. அதுல ஒரு மூலையில ஒரு வேலை நின்னு போச்சு. அதுக்கு மாத்திரை போட்டுக்கறேன்."

"பாதாம் பருப்பா? அத்தினியூண்டா?" ஆயா தன் சுண்டுவிரல் நுனியைப் பார்த்துக்கொண்டார். "அதுக்கா இம்மாம் ஆட்டம் காட்டுச்சு?" பிறகு ஏதோ கணக்குப் போட்டது போல, "அப்ப மீன் துன்லாமா டீச்சர்?" என்றார்.

"தாராளமா."

"அப்ப சரி. நாளைக்கு சங்கரா வருது, எடுத்து வெக்கச் சொல்றேன்." அத்தோடு பள்ளியில் அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது சில வருஷங்கள் ஆகிவிட்டன. மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள். கைப்பையில் ஒரு மாத்திரை அட்டை எப்போதும் இருக்கும். தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது கணவரின் பொறுப்பு, அவராகவே எடுத்துக்கொண்டது. எப்போதாவது மாத்திரை தாமதமானால் மாலையில் தாகம் லேசாகத் தலைகாட்டும். எரிச்சல் வருவதில்லை. தெரிந்தவர் ஒருவர் வாசலில் வந்து நினைவூட்டிவிட்டுப் போவது போலத்தான் இருக்கும்.

போன மாதம் வருஷாந்திர ஸ்கேன் எடுத்துக்கொண்டு அடையாறு போனோம். டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிப் பார்த்தார். எந்த மாற்றமும் இல்லை, அடுத்த வருஷம் வாருங்கள் என்றார். வெளியே வந்து ஒரு சின்ன ஓட்டலில் ரவா தோசை சாப்பிட்டோம். கணவர் வண்டியை சர்வீஸுக்கு விட்டிருந்ததால் பேருந்து பிடித்தோம். பின்னால் இரண்டு பேர் இருக்கை காலியாக இருந்தது. ஜன்னல் பக்கம் நான். பாலத்தில் ஏறியதும் ஆற்றுக்காற்று முகத்தில் அடித்தது. அவர் அன்றைய கச்சேரிக்கு எத்தனை மைக் வேண்டும் என்று ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். அது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

கண்டக்டரின் குரலில்தான் விழித்தேன். "மந்தவெளி டிக்கெட்டு ரெண்டு பேரு, இன்னா, வீட்டுக்குப் போற உத்தேசமே இல்லியா?" வெளியே ராயப்பேட்டை மணிக்கூண்டு தெரிந்தது. என் தோளில் சாய்ந்து கணவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரை உலுக்கி எழுப்பினேன். இருவரும் தடுமாறி இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, திரும்பிப் போகிற பேருந்துக்காகக் காத்திருந்தோம்.

"நீயாவது முழிச்சிருக்கக்கூடாதா?" என்றார் அவர், கண்ணைக் கசக்கிக்கொண்டே.

"நல்ல தூக்கங்க," என்றேன்.